இரண்டு போனில் ஒரு வீடு

அத்தியாயம் 17

ஷமீமாவின் கைப்பையில் வேலை உத்தரவு இருப்பதும், அதைப் பற்றி மாமனாரிடம் பேசுகிற பொறுப்பை ரபீக் "வர்ற வெள்ளிக்கிழம, வர்ற வெள்ளிக்கிழம" என்று தள்ளிக்கொண்டே வந்ததும் நம்மோடு நடந்து வந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்கு இவ்வளவு போதும். செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர் கௌஸ் பாஷா. மூத்த மகன் ரபீக், மண்டியில் அவருக்கு வலது கை. ரபீக்கின் மனைவி ஷமீமா, மருந்தியல் படித்துவிட்டு அந்த வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பவள். திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனை அவளை மருந்தகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. ராத்திரி டியூட்டியும் உண்டு. கடைசி பஸ்ஸை விட்டால் செஞ்சிக்கு வர வழியில்லை. அதனால் அங்கேயே ஒரு வீடு. அதாவது, தனிக்குடித்தனம்.

அந்தக் கடைசி வார்த்தைதான் ரபீக்கின் தொண்டையில் மூன்று வாரமாகச் சிக்கிக்கொண்டிருந்தது.

இந்த வெள்ளிக்கிழமை தள்ள முடியாது. வருகிறாயா இல்லையா என்று நாளைக்குள் சொல்லிவிடும்படி மருத்துவமனையிலிருந்து கேட்டுவிட்டார்கள். ரபீக் விடியற்காலையில் லோடு லாரியோடு சேத்துப்பட்டு எண்ணெய் மில்லுக்குக் கிளம்பியபோது, ஜும்மாவை அங்கேயே தொழுதுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன், சாப்பிட்ட கையோடு அத்தாவிடம் பேசிவிடுவேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

போன வழியில் ஒரு டீக்கடையிலிருந்து கூப்பிட்டான்.

"வூட்டப் பாத்தியா?"

"எந்த வூட்ட?"

"திண்டிவனத்து வூட்டதான். புதன்கிழம போய் முழுசா வீடியோ எடுத்தேனே. காலைல உனக்குப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

ஷமீமாவின் போன் ராத்திரியே சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. இப்போதுதான் உயிர் வந்திருந்தது.

"எங்க போட்டீங்க?"

"பெட்டியிலதான்."

"எந்தப் பெட்டியில?"

"வூட்டுப் பொதுப் பெட்டி..." என்று ஆரம்பித்த ரபீக், "அய்யய்யோ," என்றான்.

பெட்டி என்பது அந்த வீட்டின் ஏற்பாடு. மகள் ஆலியா மஸ்கட்டிலிருந்து ஒரு வீடியோ அனுப்புவாள். வீட்டில் ஐந்து போனும் அதே வீடியோவைத் தனித்தனியாக இறக்கும், ஐந்து பேருடைய நெட்டும் மத்தியானத்துக்குள் காலியாகும். ஒரே மூட்டையை ஐந்து லாரியில் ஏற்றி ஒரே வீட்டில் இறக்குகிற கூத்தை வேறெங்காவது பார்த்திருக்கிறாயா என்று கௌஸ் பாஷா தினமும் கேட்டார். பொறுக்க முடியாமல் இளைய மகன் ஃபைஸ், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், எல்லார் போனிலும் ஒரு பொதுப் பெட்டியைப் போட்டுக் கொடுத்தான். யாராவது ஒருவர் ஒரு ஃபைலை இறக்கிப் பெட்டியில் போட்டால் போதும். பக்கத்தில் இருக்கிற போன்கள் நெட்டைத் தொடாமல் காற்றிலேயே ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்ளும். முழுசாக வந்து சேர்ந்ததும் மணியடிக்கும்.

அதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. கொடுக்கிற போன் முழுச் சரக்கையும் ஒவ்வொருவருக்கும் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்காது. துண்டு போட்டு இவருக்கு ஒரு பங்கு, அவருக்கு வேறொரு பங்கு என்று தள்ளிவிடும். மிச்சத்தை அவர்களே தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டியது. நான்கு கடைக்காரர்கள் நான்கு ஊருக்குப் போய் ஆளுக்கொரு சரக்கு வாங்கி வந்து, பங்கு பிரித்துக்கொள்கிற மாதிரி. கௌஸ் பாஷா தன் மகன்கள் செய்த காரியங்களில் வாய்விட்டுப் பாராட்டியது இந்த ஒன்றைத்தான்.

ஷமீமா பெட்டியைத் திறந்தாள். ரபீக் போனிலிருந்து புதிதாக ஒரு ஃபைல். பெயருக்குப் பதில் ஏதோ நம்பர். கீழே, பாதி வந்திருக்கிறது என்று பச்சைக் கோடு பாதியில் நின்றது. யாரிடமிருந்து என்று தட்டிப் பார்த்தாள். மெஹபூப் பீ. அடுப்படியில் மாமியாரின் இடுப்புப் பையில் இருக்கிற போன். மீதிப் பாதி யாரிடம் என்று தட்டினாள். கௌஸ் பாஷா. தொடர்பில் இல்லை.

தொடர்பில் இல்லாததற்காக ஒருவர் அல்லாவுக்கு நன்றி சொன்னது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நடந்தது விளங்கிவிட்டது. ரபீக் காலையில் முன் அறையில் அத்தாவோடு டீ குடித்தபோது அவர் போனுக்கு முதல் பாதி போயிருக்கிறது. அடுப்படியில் நின்று இட்லி தின்றபோது அம்மாவின் போனுக்கு அடுத்த பாதி. இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது ரெண்டு முழக் கனத்துக் கருங்கல் சுவர். அதைத் தாண்டி அந்த இரண்டு போனும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. அதற்குள் ரபீக் லாரி ஏறிவிட்டான், மாமனார் மண்டிக்குப் போய்விட்டார்.

மாமனாரும் மாமியாரும் ஒரே அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் வீடு முழுசாகிவிடும்.

அவள் ஃபைஸைக் கூப்பிட்டாள். அவன் பார்ட்ஸ் வாங்க சென்னைக்குப் போயிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தான், பிறகு அண்ணியின் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினான். பெட்டியிலிருந்து எதையும் அழிக்கவோ, பகிர்வதை நிறுத்தவோ அவன் ஒருவனால்தான் முடியும். போன வருஷம் அத்தா எதையோ அமுக்கி நிக்காஹ் வீடியோவை ஐந்து போனிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒழித்துக்கட்டியதிலிருந்து அவன்தான் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தான்.

"அப்ப நீயே அங்கேருந்து அழிச்சிடேன்."

"இது நெட்டுல ஓடுற சமாச்சாரம் இல்ல அண்ணி. நான் அங்க வந்து நின்னாதான் நான் சொல்றத கேக்கும். சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் ரெண்டு பேத்தயும் கிட்ட சேராம பாத்துக்க. அண்ணன வூட்டுக்குள்ள வரும்போது போன ஆஃப் பண்ணிட்டு வரச் சொல்லு. முழுசும் அண்ணன் போன்லதான் இருக்குது. பாதி வந்துட்ட உன் போனயும் ஆஃப் பண்ணி வெச்சிடு."

முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்த புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரு பகல் முழுக்கப் பிரித்து வைக்க வேண்டும். காரணமும் சொல்லக் கூடாது.

கண்டால்தான் என்ன, ஒரு காலி வீட்டின் வீடியோதானே என்று கேட்கலாம். கௌஸ் பாஷாவைத் தெரியாதவர்கள் கேட்கலாம். தொண்டூர் தாண்டவராயன் வருஷக்கணக்காக அவர் மண்டிக்கு மட்டுமே மல்லாட்டை போட்டவர். ஒரு அறுவடைக்கு, நேரில் வராமல், என்ன விலை எதிர்பார்க்கிறார் என்பதை ஒரு தரகனிடம் சொல்லி அனுப்பினார். விலை நியாயமான விலைதான். கௌஸ் பாஷா அதற்கு மேலேயே கொடுக்கத் தயாராக இருந்தார். ஆனாலும் சரக்கோடு வந்த வண்டியை அப்படியே திருப்பி அனுப்பினார். அடுத்தவன் வாய் வழியாக வருகிற பேரத்தை அவர் பேரமாகவே சேர்த்துக்கொள்வதில்லை. தாண்டவராயன் பிறகு நேரில் வந்து கேட்டும் அந்த வருஷம் முடிந்தது முடிந்ததுதான்.

மகன் தனிக்குடித்தனம் போவதை ஒரு போன் மணியடித்து அவரிடம் சொன்னால், ஷமீமாவின் வேலை உத்தரவும் அந்த வண்டி போன வழியே போகும்.

அவள் வெங்காயத்தை நறுக்கினாள். காதை வாசலில் வைத்திருந்தாள்.

ஜும்மாவுக்குக் குளிக்க கௌஸ் பாஷா வந்தார். வந்ததும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து முன் அறை ஜன்னலில் சார்ஜ் போட்டுவிட்டு, நேராகப் பின்கட்டுக்குக் குளியலறைக்குப் போய்விட்டார். போன் இந்தப் பக்கம், மனிதர் அந்தப் பக்கம். ஷமீமாவுக்கு மூச்சு வந்தது.

அவள் முன் அறைக்குப் போய் அந்தப் போனைப் பார்த்தாள். அணைத்துவிட்டால் என்ன? விரலைக் கொண்டு போனாள். தொட்ட மாத்திரத்தில் அது அடித்தது. திரையில் மண்டி வாடிக்கைக்காரர் பெயர், ஜெயக்கொடி, சிங்கவரம் என்று வந்தது.

"யாரும்மா அது?" குளியலறையிலிருந்து மாமனார் குரல்.

"சிங்கவரத்துலேர்ந்து ஜெயக்கொடி, மாமா."

"எடுக்காத. அடிக்கட்டும். எத்தினி தரம் அடிக்கிறான்னு பாத்தாதான் அவனுக்கு எவ்ளோ அவசரம்னு தெரியும்."

அது ஓய்ந்து மறுபடி அடித்தது. மார்க்கெட் நேரத்தில் அவர் போனை அணைத்து வைத்தால் என்ன ஆகும் என்பது ஷமீமாவுக்குப் புரிந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

திரும்பினால், மெஹபூப் பீ அடுப்படியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். தோளில் துண்டு, கையில் தொப்பி, இடுப்பில் போன் பை. புருஷன் குளித்து வந்து உடுத்திக்கொள்ள எல்லாவற்றையும் முன் அறையில் எடுத்து வைக்கிற வெள்ளிக்கிழமை வழக்கம்.

"மாமி, குடுங்க நான் வெக்கிறேன்."

"நாலடிதான, நானே வெக்கிறேன்."

"குழம்பு பொங்குது மாமி."

"அடுப்ப அணச்சிட்டேனே."

ஷமீமா துண்டைப் பிடித்தாள். மாமியார் விடவில்லை. இரண்டு பேரும் கருங்கல் நிலைப்படியில் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மெஹபூப் பீ துண்டைப் பார்க்கவில்லை, மருமகள் முகத்தைப் பார்த்தாள். வியாபாரியின் மனைவி, எதிரில் இருப்பவருக்கு எது வேண்டும் என்பதைவிட, எது வேண்டாம் என்பதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறவள். துண்டையும் தொப்பியையும் மருமகள் கையில் கொடுத்துவிட்டு, கொல்லைக்குப் போய்க் காத்திருந்தாள்.

கௌஸ் பாஷா பள்ளிவாசலுக்குப் போன பிறகு ஷமீமாவும் கொல்லைக்குப் போனாள். அங்கே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். வேலை, ராத்திரி டியூட்டி, திண்டிவனம், வீடு, பெட்டி, பாதி அவர் போனில், பாதி உங்கள் இடுப்பில். சொல்லச் சொல்லத் தன்மேலேயே கோபம் வந்தது. மூன்று வாரமாக இந்த அம்மாளோடு ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறாள்.

மெஹபூப் பீ ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. சம்பளம் என்ன என்றும் கேட்கவில்லை.

"அடுப்படியில வெளிச்சம் வருமா?"

"தெரியல மாமி. நானே இன்னும் பாக்கல."

"நீயும் பாக்கலையா?"

"பாதிதான் வந்துருக்குது. பாதி வெச்சிக்கினு அது ஓடாது."

மாமியார் இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். பாதியில் நின்ற பச்சைக் கோட்டை விரலால் ஒரு தடவை தடவினாள். அழுக்கைத் துடைப்பதுபோலவும் இருந்தது, இழுத்து நீட்டிவிட முடியுமா என்று பார்ப்பதுபோலவும் இருந்தது.

சாப்பாடு முடிகிற வரைக்கும் போனை அணைத்து வைக்கலாமா என்று ஷமீமா கேட்டாள். முடியாது என்றாள் மாமியார். ஆலியா வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளைக்குத்தான் கூப்பிடுவாள். வயிற்றில் எட்டு மாதக் குழந்தை அவளுக்கு. கூப்பிட்டு எடுக்காவிட்டால் பயந்துபோவாள்.

"அப்ப அவரு வர்ற வரைக்குமாவது இந்தப் பக்கமே இருங்க மாமி. முன் ரூமுக்கு நான் பரிமாறுறேன்."

"ரபீக் வர்ற வரைக்குமா?"

"ஆமா மாமி."

"சரி. இருக்கிறேன்."

மெஹபூப் பீ வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அதனால் ஷமீமா நிம்மதியாகப் பருப்பு தாளித்தாள். அந்த வாக்கு எவ்வளவு தூரத்துக்குச் செல்லும் என்று அளந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. இந்தக் குடும்பத்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அவளிடம் அந்த ஒரு குறை பாக்கியிருந்தது.

கௌஸ் பாஷா தொழுதுவிட்டு வந்து முன் அறையில் பாயில் உட்கார்ந்தார். போன் பக்கத்தில். ஜெயக்கொடி இன்னும் இரண்டு தரம் அடித்திருந்ததைப் பார்த்துத் திருப்தியடைந்தார். ஷமீமா தண்ணீர் வைத்தாள், சோறு வைத்தாள். அடுப்படிக் கதவருகே மாமியார் சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்திருந்தாள்.

ரபீக் வந்தான். வாசலிலேயே போனை அணைத்ததை மனைவிக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டுப் பையில் போட்டான். கை கழுவி அத்தாவுக்கு எதிரில் உட்கார்ந்தான். மில்லில் ஈரப்பதம் அதிகம் என்று குறை சொன்னதைச் சொன்னான். எண்ணெய் விலையைச் சொன்னான். வந்தவாசி ரோட்டில் பாலம் வேலை நடப்பதைச் சொன்னான். அவன் இன்னும் ஒரு பாலத்தைச் சொல்வதற்கு முன்னால் பேச்சை எடுத்துவிட வேண்டுமே என்று ஷமீமா அவன் தட்டில் இல்லாத உப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் தொண்டையைச் செருமினான்.

"அத்தா, ஒரு விஷயம்..."

மெஹபூப் பீ தால்ச்சாக் குழம்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ரபீக் வந்தாயிற்று, அவள் கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது. ஷமீமா நிலைப்படியில் கையை நீட்டினாள். மாமியார் அந்தக் கையில் கரண்டியை மட்டும் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தோடு உள்ளே போனாள். புருஷன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். அவருக்கு ஊற்றினாள், மகனுக்கு ஊற்றினாள், பொறுமையாக எலும்பு பொறுக்கி வைத்தாள். சாதாரணமாக அவள் ஆண்களோடு உட்காருகிறவள் இல்லை.

ரபீக் ஆரம்பித்த விஷயம் அங்கேயே நின்றது. தால்ச்சா காரம் என்றான். இல்லை, சரியாக இருக்கிறது என்றான். ஷமீமா அவனைப் பார்த்தாள், சொல் என்று. அவன் சோற்றைப் பார்த்தான்.

இரண்டு போனும் ஒரே நேரத்தில் மணியடித்தன. ஒன்று பாயில், ஒன்று இடுப்பில்.

கௌஸ் பாஷா இடது கையால் போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். திரையில் ஒரு நீல நிறக் கதவும் அதன்மேல் வீடு வாடகைக்கு என்ற அட்டையும் தெரிந்தன. மேலே மகனுடைய பெயர். அமுக்கினால் ஓடும்.

ரபீக்கின் கை சோற்றிலேயே இருந்தது.

கௌஸ் பாஷா அமுக்கவில்லை. போனைக் கவிழ்த்துப் பாயில் வைத்து, அதன்மேல் தன் துண்டைப் போட்டு மூடினார்.

"உன் போன்லேர்ந்து ஒரு சரக்கு வந்துருக்குது," என்றார். "நான் பிரிக்கல. இன்னான்னு நீ வாயால சொல்லு."

ரபீக் சொன்னான். மூன்று வாரமாகச் சிக்கியது வெளியே வருவதற்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. தனிக்குடித்தனம் என்ற வார்த்தையை மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னான். மற்றதை எல்லாம் அத்தாவின் முகத்தைப் பார்த்தே சொன்னான். அவள் படித்த படிப்பு வீணாகப் போகிறது என்று அவன் சொன்னபோது நிலைப்படியில் நின்றவளுக்குக் கண் கரித்தது. அது வெங்காயம் இல்லை.

கௌஸ் பாஷா அவளைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரில எப்ப பதில் சொல்லணும்?"

"நாளைக்குள்ள, மாமா."

"ஆர்டர் எப்ப வந்துச்சி?"

அவள் சொன்னாள். அவர் தலையசைத்தார். பச்சை மல்லாட்டையை அத்தனை நாள் மூட்டை கட்டி வைத்திருந்தால் பூஞ்சை பிடித்திருக்கும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியாததால்.

"மண்டிக்கு நீ காலைல எத்தினி மணிக்கு வந்து நிப்ப?" இது ரபீக்கிடம்.

"எப்பவும் வர்ற நேரத்துக்கு, அத்தா. பைக்ல வந்துடுவேன்."

"மழையில?"

"பஸ்ல."

"லோடு போற அன்னிக்கு?"

"மொத நாளே வந்து இங்க படுத்துக்கிறேன்."

பேரம் நடக்கிறது என்பது அப்போதுதான் ஷமீமாவுக்கு உறைத்தது. முடியாது என்கிற மனிதர் மழையைப் பற்றிக் கேட்க மாட்டார். அவர் இன்னும் இரண்டு கேட்டார், ரபீக் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டான். பிறகு கௌஸ் பாஷா தட்டிலிருந்த கடைசிச் சோற்றைத் திரட்டிக்கொண்டே, நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வருகிறேன் என்று சொல்லிவிடும்படி மருமகளிடம் சொன்னார். அடுப்புக்குப் பின்னால் ஒளிந்து நின்று பேச வேண்டாம், முன் அறையிலிருந்தே பேசலாம் என்றும் சொன்னார்.

ஷமீமா சரி மாமா என்றாள்.

ரபீக் முகத்தில் வியர்வை. தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். அத்தாவுடைய டம்ளர் அது.

அப்போதுதான் அறைக்குள் இன்னொரு ரபீக்கின் குரல் கேட்டது. "இது முன் ரூமு... இது அடுப்படி, ஷமீ, ரெண்டு ஜன்னல் இருக்குது பாரு..."

மெஹபூப் பீ போனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது ஆரம்பித்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. வீடியோ கொல்லை வரை போய், ஒரு முருங்கை மரத்தைக் காட்டி, திரும்பி வந்து முடிந்தது.

"ஷமீமா."

"மாமி?"

"அந்த முன் ரூம்ல ரெண்டு கட்டில் போட எடம் இருக்குமா?"

"இருக்கும்னு நெனக்கிறேன் மாமி. எங்களுக்கு உள் ரூம் இருக்குதே, முன் ரூம்ல எதுக்கு?"

கௌஸ் பாஷா கை கழுவ எழுந்தவர் பாதியில் நின்றார். மகனிடம் மழையையும் பஸ்ஸையும் லோடையும் கேட்டு முடித்த மனிதர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம், நீ எந்த வீட்டில் இருக்கப்போகிறாய் என்று கேட்கவே இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"கட்டில் யாருக்கு?" என்றார்.

அவருடைய மனைவி வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.